ஆகாஸ் கேளாத அடையாளம்

பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசியின் நூல், 7ஆம் அதிகாரம், 14ஆம் வசனம். கிறிஸ்துமஸ் காலத்தில் தேவாலயங்கள்தோறும் வாசிக்கப்பெறும் வசனம் இது. ஒரு பெண் கருவுற்று ஒரு மகனைப் பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பெயர் வழங்கும் என்பது அதன் சாரம். கிறிஸ்து பிறப்பதற்கு 700 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட இச்சொற்களை இயேசுவின் பிறப்போடு சேர்த்துப் படிப்பவர் கிறிஸ்தவர். அப்படிச் சேர்த்தல் பொருந்தாது என்பவர் யூதர். இரு சாராருக்கும் வேதம் இதுவே. ஒரே வசனத்தின்மேல் 1,800 ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடந்து வருகிறது.

நான் கிறிஸ்தவன். அந்த நிலையில் நின்றே இதற்குப் பொருள் கூற முற்படுகிறேன். ஆயினும் எதிர்வழக்காடுபவர் சொல்வதை முழுக்கக் கேட்ட பின்னரே நம் கட்சியைச் சொல்லுதல் முறை. மேலும், நேயர்களுள் பலர் கிறிஸ்தவர் அல்லர். ஆதலின் கதையை முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

கி.மு. 735ஆம் ஆண்டை ஒட்டிய காலம். சாலொமோன் அரசனுக்குப் பின் எபிரேயர் நாடு இரண்டாகப் பிளந்து போயிருந்தது. வடக்கே இஸ்ரவேல், அதற்குச் சமாரியா தலைநகர். தெற்கே யூதா, அதற்கு எருசலேம் தலைநகர். யூதாவில் தாவீதின் மரபில் வந்த ஆகாஸ் ஆண்டுகொண்டிருந்தான். 20 வயதில் பட்டத்துக்கு வந்தவன் என்று இராஜாக்களின் இரண்டாம் நூல் கூறுகிறது. அக்காலத்தில் அசீரியப் பேரரசன் மூன்றாம் திகிலாத்பிலேசர் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேற்கு நோக்கி வந்தான். அவனை எதிர்க்கத் தமஸ்குவின் அரசன் ரேத்சீனும் இஸ்ரவேலின் அரசன் பெக்காவும் கூட்டுச் சேர்ந்தனர். யூதா அக்கூட்டில் சேர மறுத்தது என்பது வரலாற்று அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. அவ்விருவரும் எருசலேமின்மேல் படையெடுத்தனர். ஆகாசை இறக்கிவிட்டுத் தாபேயாலின் குமாரன் என்ற ஒருவனை அரியணையில் ஏற்றுவது அவர்கள் திட்டம்.

இந்த நெருக்கடியில் ஏசாயா அரசனைச் சந்திக்கிறார். சந்தித்த இடத்தையும் நூல் துல்லியமாகச் சொல்லுகிறது: மேற்குளத்து வாய்க்காலின் கடைசி, வண்ணார் துறைக்குப் போகும் வழி. முற்றுகைக்கு அஞ்சிய அரசன் நகரத்தின் தண்ணீர் வசதியைப் பார்வையிடப் போயிருந்தான் என்று நாம் ஊகிக்கலாம். ஏசாயா தனியே வரவில்லை. தம் மகனைக் கையோடு அழைத்து வந்தார். சிறுவன் பெயர் சேயார்யாசூப். மீந்திருப்போர் திரும்புவர் என்பது அதன் பொருள். பிள்ளைகளின் பெயராலேயே செய்தி சொல்வது இத்தீர்க்கதரிசியின் வழக்கம். இதனை மனத்தில் வைத்துக்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

அஞ்ச வேண்டா, அந்த இரண்டு அரசர்களும் எரிந்து முடிந்து புகையை மட்டும் விடுகின்ற கொள்ளிக்கட்டைகள் என்றார் ஏசாயா. அதோடு ஒரு சொல்விளையாட்டும் செய்தார். எபிரேயத்தில் நம்புதல், நிலைபெறுதல் என்னும் இரண்டு வினைகளும் ஒரே வேரிலிருந்து பிறப்பவை. நாம் வழிபாட்டு முடிவில் சொல்லும் ஆமென் என்ற சொல்லும் அவ்வேரிலிருந்து வந்ததுதான். நம்பிக்கையில் நிலைக்காதவர் ஆட்சியிலும் நிலைக்கமாட்டார் என்பது கருத்து. பிறகு, கடவுளிடம் ஓர் அடையாளம் கேள், பாதாளத்திலாயினும் சரி, வானத்திலாயினும் சரி என்று அரசனுக்கு வாய்ப்புக் கொடுத்தார். ஆகாஸ் மறுத்தான். கடவுளைச் சோதிக்கமாட்டேன் என்றான். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது! ஆனால் இராஜாக்களின் நூல் அவன் செய்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறது. தன்னை அசீரிய மன்னனின் அடியானும் மகனும் என்று சொல்லிக்கொண்டு, ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துக் காணிக்கையாக அனுப்பி உதவி வேண்டினான். அசீரிய மன்னனுக்குக் கப்பம் கட்டியவர்களின் பட்டியலில் இந்த யூதா அரசனின் பெயர் கல்வெட்டிலேயே உள்ளது. நம்ப வேண்டிய இடத்தில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. அதனை மறைக்கப் பக்தி உதவிற்று.

நீ கேளாவிட்டாலும் ஆண்டவர் தாமே ஓர் அடையாளம் தருவார் என்று தொடங்கி ஏசாயா சொன்னதே நம் வசனம். அதனைத் தனியே வெட்டி எடுத்து வாசித்துப் பழகிவிட்டதால், அடுத்து வரும் வசனங்களை நம்மவர் கவனிப்பதில்லை. அக்குழந்தை தீமையை வெறுத்து நன்மையைத் தெரிந்துகொள்ளும் பருவம் அடையுமுன்னே, ஆகாசை அச்சுறுத்தும் அந்த இரண்டு அரசர்களின் நாடும் பாழாகிவிடும் என்கிறார் தீர்க்கதரிசி. அதாவது, குழந்தையின் வளர்ச்சி ஒரு நாழிகை வட்டில். அவ்வாறே நடந்தது. கி.மு. 732இல் தமஸ்கு வீழ்ந்தது, ரேத்சீன் கொல்லப்பட்டான். பெக்காவை அவன் நாட்டானே ஆகிய ஓசெயா கொன்று அரியணை ஏறினான். கி.மு. 722ஐ ஒட்டிச் சமாரியாவும் வீழ்ந்தது. அடையாளத்தில் ஆறுதல் மட்டுமே இருந்ததென்றும் எண்ணலாகாது. அசீரியனை நம்பிய யூதாவின்மேலும் அந்த அசீரியன் வெள்ளம்போல் வந்து கழுத்தளவு நிற்பான் என்று 8ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையின் நடுவிலும் இம்மானுவேல் என்னும் பெயர் விளிக்கப்படுகிறது.

இப்பொழுது ஒரு கேள்வி. 700 ஆண்டுகளுக்குப் பின் பெத்லகேமில் ஒரு குழந்தை பிறக்கும் என்பது மட்டுமே இதன் பொருளாயின், வாய்க்கால் கரையில் நடுங்கி நின்ற ஆகாசுக்கு அதனால் என்ன பயன்? இரண்டொரு ஆண்டில் முடிய வேண்டிய காரியத்துக்கு ஏழு நூற்றாண்டு கழித்து வரும் அடையாளம் எப்படி அடையாளமாகும்? யூத அறிஞர் எழுப்பும் தடை இதுவே. என் கருத்தில் இது நியாயமான தடை. இதற்கு விடை கூறாமல் தாண்டிச் செல்லும் கிறிஸ்தவ உரை எதுவும் உரையாகாது.

ஆகவே, அக்காலத்தில் பிறந்த ஒரு குழந்தையை ஏசாயா குறித்தார் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். யார் அந்தக் குழந்தை என்பதில் யூதரிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகாசின் மகனும் நல்லரசனுமாகிய எசேக்கியா என்பது பழைய விளக்கம். ஆகாஸ் 16 ஆண்டு ஆண்டான். எசேக்கியா பட்டத்துக்கு வந்தபோது வயது 25. ஆதலின் தந்தை அரசனாகும்போதே மகன் பிறந்து வளர்ந்திருக்க வேண்டுமே என்று நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜெரோம் என்னும் கிறிஸ்தவப் பேரறிஞர் கணக்குப் போட்டு மறுத்தார். தீர்க்கதரிசியின் மனைவியே அப்பெண் என்பது மற்றொரு விளக்கம். அடுத்த அதிகாரத்தில் அவளுக்கு ஒரு மகன் பிறக்கிறான். அவனுக்கும் செய்தி சொல்லும் பெயர் இடப்படுகிறது. அவன் அப்பா, அம்மா என்று அழைக்கத் தெரியுமுன் தமஸ்குவும் சமாரியாவும் கொள்ளை போகும் என்று அவனையும் நாழிகை வட்டிலாகவே வைக்கிறார் ஏசாயா. இந்த ஒப்புமை வலுவானது. எனினும் நூல் தாயின் பெயரைச் சொல்லவில்லை. நாமும் அதனைத் திறந்தபடியே விட்டுவிடலாம்.

இனி, மூலச் சொற்களுக்கு வருவோம். 38 ஆண்டு இலக்கணம் கற்பித்தவனுக்கு இந்த இடத்தில் சற்று நின்று போகவே மனம் வரும்; நேயர்கள் பொறுத்தருள்க.

அப்பெண்ணைக் குறிக்கும் எபிரேயச் சொல் அல்மா. அதன்முன் ஹா என்னும் சுட்டு நிற்கிறது. எனவே ஏதோ ஒரு பெண் என்பதைவிட, அந்தப் பெண் என்பதே நேரான பெயர்ப்பு. அரசனுக்கும் தீர்க்கதரிசிக்கும் தெரிந்த ஒருத்தி என்று இதிலிருந்து சிலர் கொள்வர். அடுத்து, கருவுறுதலைக் குறிக்கும் ஹாரா என்னும் சொல் காலம் காட்டும் வினைமுற்று அன்று, பெயரடை. கருவுற்றவள் என்பது போன்றது. கருவுற்றிருக்கிறாள் என்றும் கருவுறுவாள் என்றும் இடம் நோக்கிக் கொள்ளலாம். ஆதியாகமத்தில் ஏற்கெனவே கருவுற்றிருந்த ஆகாரைக் குறித்தும் இச்சொல்லே வருகிறது. தமிழில் நாம் ஏதேனும் ஒரு காலத்தைத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும். எபிரேயத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயரிடுவது யார் என்பதிலும் வேறுபாடு உண்டு. இன்று வழங்கும் எபிரேய நூலின்படி அவள் பெயரிடுகிறாள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் நீ பெயரிடுவாய் என்று முன்னிலையாக உள்ளது. மத்தேயு தம் நற்செய்தி நூலில் இதனை எடுத்தாளும்போது அவர்கள் பெயரிடுவார்கள் என்று படர்க்கைப் பன்மையாக எழுதுகிறார். ஒரே பெயர், மூன்று இடங்களில் மூன்று விதமான வாய்கள்.

வழக்கின் மையம் அல்மா என்னும் சொல்தான். ஆட்களைக் குறித்து அது பழைய ஏற்பாட்டில் 7 இடங்களிலேயே வருகிறது. கிணற்றடிக்குத் தண்ணீர் மொள்ள வந்த ரெபேக்காள் ஓர் அல்மா. நாணலிடையே விடப்பட்ட குழந்தை மோசேயைக் காவல் காத்த தமக்கை ஓர் அல்மா. ஊர்வலத்தில் தம்புரு கொட்டும் பெண்கள் அவ்வாறே. இதன் ஆண்பாலாகிய எலெம் என்ற சொல்லைச் சவுல் அரசன் இளைஞனாகிய தாவீதைக் குறித்துக் கேட்கும்போது ஆளுகிறான். ஆகவே இது பருவத்தைக் குறிக்கும் சொல். மணப்பருவம் எய்திய இளம்பெண் என்று பெயர்ப்பது பொருந்தும். அக்கால வழக்கப்படி அத்தகையவள் பெரும்பாலும் கன்னியாகவே இருப்பாள். ஆனால் அச்சொல் அதனை வலியுறுத்திச் சொல்லவில்லை. கன்னிமையை நாடிச் சொல்வதற்கு எபிரேயத்தில் பெத்தூலா என்று வேறு சொல் இருக்கிறது. அதுவும் எவ்விடத்தும் திட்டமானதன்று. யோவேல் நூலில் ஒரு பெத்தூலா தன் இளமையின் கணவனுக்காகப் புலம்புகிறாள். சொற்கள் வேலி கட்டிய தோட்டங்கள் அல்ல. தமிழிலும் கன்னி என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். மணமாகாதவள் என்பது ஒரு பொருள். இளமை என்பது மற்றொன்று. கன்னித்தமிழ் என்னும்போது என்றும் வாடாதது. கன்னிப்பேச்சு என்னும்போது முதலாவது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யூதர்களே ஏசாயாவின் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, இவ்விடத்தில் பார்த்தெனோஸ் என்ற சொல்லை வைத்தனர். கன்னி என்பதே அதன் வழக்கமான பொருள். ஆயினும் அதே கிரேக்க வேதத்தில், கெடுக்கப்பட்ட பின்னரும் யாக்கோபின் மகள் தீனாள் பார்த்தெனோஸ் என்றே சொல்லப்படுகிறாள். மத்தேயு தம் நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதினார். கிரேக்க வேதத்தின் இச்சொல்லே அவர் கைக்கு வந்தது. மரியாள் கன்னியாகவே இயேசுவைக் கருத்தரித்தார் என்று கூறி, இவ்வசனம் நிறைவேறிற்று என்று எழுதினார்.

வழக்கு இங்கே தொடங்கிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தின் என்னும் கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் திரிபோ என்ற யூதரோடு உரையாடுவதாக ஒரு நூல் எழுதினார். மூலத்தில் இருப்பது இளம்பெண் என்ற சொல். குறிக்கப்பட்டவன் எசேக்கியா என்று திரிபோ அந்நூலில் வாதிக்கிறார். யூத ஆசிரியர்கள் பழைய மொழிபெயர்ப்பை விட்டு விலகித் திரித்துச் சொல்லுகிறார்கள் என்பது யுஸ்தினின் விடை. அக்கிலா முதலியோர் செய்த புதிய கிரேக்க மொழிபெயர்ப்புகளில் இளம்பெண் என்றே இருந்தது மெய். ஆனால் அது திரிப்பா? 1947இல் சாக்கடலின் மேற்குக் கரையில் கும்ரான் குகையொன்றில் ஆட்டிடையர் கண்டெடுத்த தோற்சுருள்களுள் ஏசாயாவின் நூல் முழுமையாக இருந்தது. 7 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அச்சுருள் கிறிஸ்துவுக்கு 100 ஆண்டுகளேனும் முற்பட்டது. அதிலும் இவ்விடத்தில் உள்ளது அல்மாவே. கிறிஸ்துவே பிறவாத காலத்தில் கிறிஸ்தவரை ஏய்க்க எவரும் வேதத்தைத் திருத்தியிருக்க முடியாது. இளம்பெண் என்று சொன்ன யூத ஆசிரியர்கள் தம்மிடம் இருந்த மூலத்தையே உள்ளபடி சொன்னார்கள். வேதத்தைப் புரட்டினவர் என்ற பழியை அவர்கள்மேல் சுமத்தியவர்கள் நம் தரப்பினர். யூதர்மேல் பின் நூற்றாண்டுகளில் விழுந்த கொடுமைகளை எண்ணும்போது, இத்தகைய பழிகளைச் சிறியவை என்று ஒதுக்க மனம் ஒப்பவில்லை.

1952இல் அமெரிக்காவில் திருத்திய புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஏசாயாவில் இளம்பெண் என்றும் மத்தேயுவில் கன்னி என்றும் அது பெயர்த்தது. இரண்டு மூலங்களுக்கும் அது உண்மையாக நடந்துகொண்டது என்பேன். வட கரோலினா மாநிலத்துப் போதகர் ஒருவர் ஏசாயாவின் அப்பக்கத்தைக் கிழித்துப் பலர் முன்னிலையில் தீயிட்டார். ஒரு சொல் மாறினால் விசுவாசம் இடிந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு.

அந்த அச்சம் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. என்னிடம் படித்துப் பின் கல்லூரிக்குச் சென்ற மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு எழுதினார். ஏசாயா கன்னி என்று சொல்லவேயில்லை என்று விடுதி நண்பர் ஒருவர் நூலைக் காட்டினாராம். அடித்தளமே பொய்யானால் மேல்மாடி எப்படி நிற்கும் ஐயா என்று கேட்டிருந்தார். ஊரில் ஒரு பெரியவரிடம் கேட்டபோது, அப்படிப்பட்ட நூல்களைப் படியாதே என்ற பதில் கிடைத்ததாம். படியாதே என்பது ஆசிரியர் வாயில் வரத்தகாத சொல். அவருக்கு நான் எழுதிய விடையின் சுருக்கம் இதுவே.

முதலாவது, எது அடித்தளம் என்று பார்க்க வேண்டும். மெசியா ஒரு கன்னியிடம் பிறப்பார் என்று இவ்வசனத்தைக் காட்டி எதிர்பார்த்த யூத எழுத்து எதுவும் கிறிஸ்துவுக்கு முன் நமக்குக் கிடைக்கவில்லை. அப்படியொரு எதிர்பார்ப்பு இருந்திருந்தால், வசனத்துக்கு ஏற்பக் கதை கட்டினார்கள் என்று சொல்ல இடம் உண்டு. மேலும் லூக்கா நற்செய்தியாளர் மரியாளைக் கன்னியென்று கூறி அவருக்குத் தூதன் சொன்ன செய்தியை விரிவாக எழுதுகிறார். ஏசாயாவின் இவ்வசனத்தை மேற்கோளாகக் காட்டவேயில்லை. ஆகவே, இயேசுவின் பிறப்பைப் பற்றிய செய்தி முதலில் வந்தது; அச்செய்தியை உள்ளத்தில் கொண்டு பழைய நூலைத் திறந்த மத்தேயுவுக்கு இவ்வசனம் புதிய ஒளியோடு தோன்றிற்று. அச்செய்தியை நம்புவதும் நம்பாததும் வேறு கேள்வி. அல்மா என்னும் சொல் அதனைத் தாங்கும் தூண் அன்று. ஆதலின் அச்சொல்லின் பொருள் மாறினால் அது விழுவதும் இல்லை.

இரண்டாவது, நிறைவேறிற்று என்று மத்தேயு சொல்லும்போது என்ன கருதுகிறார் என்பது. அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. குழந்தை இயேசு எகிப்துக்குப் போய்த் திரும்பியதைச் சொல்லி, ஓசியா தீர்க்கதரிசியின் வாக்கு ஒன்று நிறைவேறிற்று என்கிறார். ஓசியாவைத் திறந்து பார்த்தால், அங்கே வருங்காலத்தைப் பற்றிய பேச்சே இல்லை! இஸ்ரவேல் மக்களைக் கடவுள் எகிப்திலிருந்து அழைத்துவந்த பழைய கதையைத்தான் ஓசியா நினைவூட்டுகிறார். யூதனாகப் பிறந்து வேதத்தில் ஊறிய மத்தேயு இதனை அறியாமல் எழுதியிருக்க இயலாது. முன்கூட்டிச் சொன்னது நடந்தது என்பதற்குமேல் அவர் ஏதோ கருதுகிறார். அவர் ஆளும் கிரேக்க வினைக்கு நிரப்புதல் என்பது அடிப்பொருள். பாதி நீருள்ள குடம் விளிம்புவரை நிரம்புவதுபோல என்க. நம் தமிழ்ச் சொல்லிலேயே அது இருக்கிறது. நிறைவேறுதலில் நிறைவு உண்டல்லவா? முன்னிருந்த நீரைக் கொட்டிவிட்டு நிரப்புவதில்லை. ஆகாசின் நாளில் பிறந்த குழந்தை அங்கேயே இருக்கட்டும். அவனுக்கு வைத்த பெயர் அவனளவில் முற்றுப்பெறவில்லை என்பதே கிறிஸ்தவனின் துணிபு.

அடையாளம் தரும்போது ஏசாயா உனக்கு என்று ஆகாசை மட்டும் நோக்கிச் சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எபிரேயத்தில் அங்கே உங்களுக்கு என்ற பன்மை நிற்கிறது. தாவீதின் குடும்பம் முழுவதும் விளிக்கப்படுகிறது. இதனை மட்டும் கொண்டு பெரிய கோட்டை கட்டுவார் உளர், நான் கட்டமாட்டேன். ஆயினும் ஓர் அரசனோடு முடியாத பேச்சு அது என்பதற்கு இலக்கணமே இடம் தருகிறது.

பெயரைப் பிரித்தால், இம் என்பது உடன். அனு என்பது நாம். ஏல் என்பது கடவுள். கடவுள் நம்மோடு என்பது பொருள். படை வந்து சூழ்ந்த நகரத்தில், தண்ணீர் போதுமா என்று கவலைப்படும் அரசனுக்கு, இனிப் பிறக்கும் ஒரு சிறு குழந்தையின் பெயராகச் சொல்லப்பட்ட செய்தி. அவன் அதனைக் கேட்டுவிட்டு அசீரியாவுக்குத் தூது அனுப்பினான். மத்தேயு இப்பெயரைத் தம் நூலின் முதல் அதிகாரத்தில் பொருளோடு எடுத்து எழுதுகிறார். அவர் நூலின் கடைசி வசனத்தில் உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர்களோடு என்றும் இருப்பதாக வாக்களிக்கிறார். தொடக்கத்தில் பெயராக நின்றது முடிவில் வாக்காகிறது. மத்தேயு நிரப்பிய குடம் இதுவே என்று நான் கருதுகிறேன். பிறந்த விதத்தைக் காட்டிலும் இப்பெயரிலேயே அவர் கண் அதிகமாகப் பதிந்திருக்கிறது. 

தமிழ் வேதாகமத்தில் இவ்வசனம் எப்படி இருக்கிறது என்று நேயர்கள் கேட்கக்கூடும். புராட்டஸ்டண்டு சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் ஏசாயா, மத்தேயு ஆகிய இரண்டிடத்தும் கன்னிகை என்ற ஒரே சொல் வருகிறது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு, ஏசாயாவில் அந்த இளம்பெண் என்றும் மத்தேயுவில் கன்னி என்றும் பெயர்த்திருக்கிறது. எபிரேயத்தின் சுட்டையும் விடாமல் கொண்டுவந்த அப்பெயர்ப்பை இலக்கண ஆசிரியன் என்ற முறையில் மெச்சுகிறேன். முன்னதன் ஓசைநயமோ காதிலேயே தங்கிவிட்டது. அதனையும் விட இயலவில்லை.

டிசம்பர் மாத ஆராதனையில் இப்பகுதியை வாசிக்கும் முறை எனக்கு வருவதுண்டு. குறித்துக் கொடுக்கும் தாளில் 14ஆம் வசனம் என்று மட்டும் இருக்கும். நான் 1ஆம் வசனத்திலிருந்து தொடங்கி, ரேத்சீனையும் பெக்காவையும் வண்ணார் துறையையும் வாசித்து, 16ஆம் வசனத்தில்தான் நிறுத்துகிறேன். மூன்று நிமிடம் கூடுதலாகிறது. பாடகர் குழுவினர் சற்றே நெளிவது கண்ணில் படும். போதகர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.